ஃபிரிட்ஜின் முதுகுப்பக்கம்

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொசுப்புழு ஒழிப்புப் பணிக்கு வரும் பெண்மணி ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மதுரையில் மழை தொடங்கிவிட்டால் இவர்கள் தெருத்தெருவாக வருவார்கள். தண்ணீர்த் தொட்டி, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மூலையில் கிடக்கும் டயர், ஆட்டுரல் என்று பார்த்துவிட்டு, நோட்டில் ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தத் தைரியத்தில் நானும், "வாருங்கள் அம்மா, எங்கள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது" என்று கொஞ்சம் மிதப்பாகவே அழைத்துக்கொண்டு போனேன்.

தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டுரல் குழியில் மணல் போட்டு நிரப்பியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, "ஃபிரிட்ஜ் எங்கே சார்?" என்றார். எதற்கென்று புரியாமல், அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் வரவில்லை சார். பின்னால் பார்க்க வேண்டும்."

வாங்கி வைத்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகளாக அது அந்த மூலையை விட்டு அசைந்ததில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மளிகைச் சாமான் அலமாரி, நடுவில் அளவெடுத்துச் செருகியதைப் போல நின்றது. மெல்ல ஆட்டி ஆட்டி முன்னால் இழுத்தேன். பின்னால் தூசி, கம்பளித் துண்டு மாதிரி திரண்டு கிடந்தது. மூன்று துணிக் கிளிப்புகள், பேரனின் ரப்பர் பந்து, எழுத்து மங்கிய மளிகைச் சீட்டு ஒன்று, செத்த கரப்பான் இரண்டு. கம்ப்ரசருக்கு மேலே கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் தட்டு உட்கார்ந்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார், தட்டை ஒரு பக்கமாகத் தூக்கிக் கழற்றினார், தரையில் வைத்தார். ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். அதில் நூல் துணுக்குகள் போல ஏழெட்டுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின.

"டெங்குக் கொசு சார். சாக்கடையைத் தேடிப் போகாது, இந்த மாதிரி வீட்டுக்குள்ளே இருக்கும் தண்ணீரைத்தான் தேடும்" என்றார். நான் தட்டைத் தூக்கித் தொட்டியடியில் கவிழ்க்கப் போனேன். "கொட்டினால் மட்டும் போதாது. ஓரத்தில் முட்டை ஒட்டியிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும்" என்று தடுத்தார். அவர் சொன்னது உண்மைதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குள் முட்டையிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான ஓரத்தில் ஒட்டிவைக்கிறது. காய்ந்து போனாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். திரும்பத் தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்வது அந்தக் கணக்கில்தான்.

"அடுத்த தடவை இருந்தால் அபராதம் எழுதித்தான் ஆக வேண்டும் சார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அடுக்களையில் பாதி என் பொறுப்பு. மனைவி ஆசிரியை; இன்னும் நான்கு ஆண்டு பணி இருக்கிறது. சாயங்காலம் அவள் வந்ததும் விஷயத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தட்டைத் தேய்த்தேன். நான் சொல்வதற்குள் பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டார்.

அன்றைக்கு முழுக்க ஃபிரிட்ஜ் நடு அடுக்களையிலேயே நின்றது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். நாம் எல்லோரும் இதன் முகத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறோம். கதவில் காந்தப் பொம்மை ஒட்டுகிறோம், கைப்பிடிக்குச் சட்டை தைத்துப் போடுகிறோம், தலைமேல் விரிப்பு விரித்துப் பூச்சாடி வைக்கிறோம். வேலை நடப்பதெல்லாம் முதுகில். அதை எட்டிப் பார்க்க வீட்டுக்கு மாநகராட்சி ஆள் வர வேண்டியிருக்கிறது.

ஃபிரிட்ஜ் எப்படிக் குளிர்விக்கிறது என்பதை எனக்கு விளங்கவைத்தவர் விருதுநகரில் ஒரு பழைய மெக்கானிக். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைப்பதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குச் சட்டென்று பிடிபடும்படி சொன்னார். சால் கிணற்றுக்குள் இறங்கித் தண்ணீரை மொண்டு மேலே வந்து வாய்க்காலில் கொட்டுகிறது, மறுபடி இறங்குகிறது. இங்கே கிணறு என்பது பெட்டியின் உட்புறம். தண்ணீருக்குப் பதில் சூடு. குழாய்களில் ஓடும் கேஸ்தான் சால். உள்ளே ஃபிரீசர் குழாய்களில் திரவமாக நுழைகிறது, அங்கிருக்கும் சூட்டை மொண்டுகொண்டு ஆவியாகிறது. மாடு இழுப்பதைப் போலக் கம்ப்ரசர் அதை இழுத்து அழுத்திப் பின்பக்கக் குழாய்களுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகி, தலைமயிர் போன்ற ஒரு நுண்குழாய் வழியாக உள்ளே இறங்குகிறது. வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? சால் சாலாக இறைத்தாலும் தண்ணீர் வயலுக்குப் போகாது, மாடுதான் சாகும். ஃபிரிட்ஜின் வாய்க்கால் அதன் முதுகு.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் அந்தக் குழாய்கள் பின்னால் கறுப்புக் கம்பி வலையாகக் கண்ணுக்குத் தெரியும். இப்போது வரும் பலவற்றில் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்துவிடுகிறார்கள். பக்கங்களைத் தொட்டால் சுடுகிறதே, கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து மெக்கானிக்கை அழைப்பவர்கள் உண்டு. கிணற்றிலிருந்து மொண்ட சூடுதான் அது. சுடாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்தச் சூடு காற்றில் கலந்து போக இடம் வேண்டும்; இரண்டு பக்கமும் முதுகுப்பக்கமும் ஒரு கை தாராளமாக நுழையும் அளவு விட வேண்டும். நான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் திணித்து எட்டு ஆண்டு அதற்குப் போர்வை போர்த்தியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு முதல் ஃபிரிட்ஜ் வந்தது 1991இல். கெல்வினேட்டர், கோத்ரெஜ், ஆல்வின் என்று விரல்விட்டு எண்ணும் பெயர்களே ஊரில் அடிபட்ட காலம். எங்களுடையது எந்தக் கம்பெனி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. 165 லிட்டர், வெளிர் நீலம், வங்கியில் கடன் போட்டு வாங்கினேன். விருதுநகர் வீட்டில் அது அடுக்களைக்குப் போகவேயில்லை. பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி, இரும்பு ஸ்டாண்டின் மேல் நின்றது. கதவுக்குச் சாவி உண்டு. அந்தச் சாவி அம்மாவின் இடுப்புக் கொத்தில் பீரோ சாவியோடு தொங்கியது. பீரோவை விட அதிகம் திறக்கப்படாத பெட்டி அது. "சும்மா சும்மா திறந்தால் குளிர் எல்லாம் ஓடிப்போகும்" என்பாள். படிக்காத அம்மா சொன்னதைப் பிறகு நான் விலை கொடுத்து வாங்கிய கையேட்டிலும் படித்தேன்.

தெருவுக்கே அது பொதுச் சொத்து. சித்திரை வந்தால் பிள்ளைகள் தூக்குவாளியோடு ஐஸ் கட்டிக்கு வந்து நிற்பார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் இன்சுலின் குப்பி எங்கள் ஃபிரிட்ஜில்தான் இருந்தது. அதற்கு முன்பு அவர் மண்பானையில் ஈரமணல் போட்டு அதற்குள் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தை அம்மா ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைப்பாள். மறுநாள் எடுத்தால் மொட்டு மொட்டாக இருக்கும். மீனும் கறியும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்ததே இல்லை. பூ இருக்கும் இடமாம்.

பனிக்கட்டி மேல் இந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பித்து புதிதல்ல. ஃபிரெடரிக் டியூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். அந்தச் சரக்கைச் சென்னையில் இறக்கி வைக்க 1842இல் கடற்கரையோரம் ஒரு கிடங்கு எழும்பியது. பிற்காலத்தில் 1897இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் மட்டும் கரையவேயில்லை. நான்கு மாதக் கடல் பயணத்தில் பாதி உருகிய பிறகும் லாபம் கொடுத்த சரக்கு அது என்று நினைத்தால், தூக்குவாளியோடு வந்த பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை.

அந்த ஐஸ்தான் எனக்கு வினையாக முடிந்தது. வாங்கி இரண்டாவது கோடை. ஃபிரீசரில் பனி இரண்டு விரற்கடைக்கு மண்டி, ஐஸ் தட்டு அதில் புதைந்துவிட்டது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் திருகின் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால் கம்ப்ரசர் நின்று, பனி தானாகக் கரைந்து, கரைந்தபின் தானே மறுபடி ஓடத் தொடங்கும். இரவு அழுத்திவிட்டுப் படுத்தால் காலையில் வேலை முடிந்திருக்கும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. விருந்தாளிகள் வந்திருந்தார்கள், ரஸ்னா கலந்து வைத்தாயிற்று. காய் நறுக்கும் கத்தியை எடுத்துப் பனிக்குள் செருகி நெம்பினேன். இரண்டாவது நெம்பலில் "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். சைக்கிள் டியூபில் வால்வு பிடுங்கியதைப் போல. அரை நிமிடம் இருக்கும். பிறகு அமைதி. கம்ப்ரசர் மட்டும் ஒன்றும் தெரியாததைப் போல உறுமிக்கொண்டே இருந்தது.

ஃபிரீசரின் சுவர் என்பது வெறும் சுவரில்லை. இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவில் கேஸ் ஓடும் தடங்களை உப்பவைத்துச் செய்தது. காகிதம் மாதிரி மெல்லியது. நான் நெம்பியது பனியை மட்டுமில்லை. மேலே சொன்ன மெக்கானிக் அப்போதுதான் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "கத்தியா, ஸ்க்ரூடிரைவரா தம்பி?" ஊரில் அவருக்கு வரும் வேலையில் பாதி இந்த இரண்டு ஆயுதங்களால் வருவதாம். ஓட்டையை அடைத்து, உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுத்து, புதிதாக கேஸ் சார்ஜ் செய்ய இரண்டு நாள் ஆனது. என் சம்பளத்தில் பாதி போனது. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த நாளிலிருந்து கத்திக் கூடை பரணுக்கு அடுத்த மேல்தட்டுக்குப் போய்விட்டது. ஃபிரிட்ஜ் சாவியைப் போலவே அதையும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

அன்று வெளியே போன கேஸ் ஆர்-12 என்ற வகை. வாசனை கிடையாது, மூச்சுக்குக் கெடுதல் கிடையாது, தீப்பற்றாது. அதற்கு முன்பு ஃபிரிட்ஜ்களில் இருந்த அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்சைடும் கசிந்தால் ஆளையே கொல்லக்கூடியவை. அதனால் இந்தக் கேஸைக் கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி, 1930இல் அறிஞர்கள் கூட்டத்தில் அதை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். அவ்வளவு சாது. அந்தச் சாதுதான் மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்று 1974இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். இப்படிப்பட்ட கேஸ்களை நிறுத்த 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது, அதாவது ஏறக்குறைய நான் கத்தியைச் செருகிய நேரத்தில். 2010இலிருந்து வளரும் நாடுகளுக்கும் அது தடை. இப்போது வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். ஓசோனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் தீப்பற்றும். ஒரு பெட்டிக்குள் இருப்பது ஐம்பது கிராம் அளவுதான் என்றாலும், இன்றைக்கு யாராவது கத்தியால் குத்தி "உஸ்" கேட்டால், சுவிட்சைக்கூடத் தொடாமல், அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்துவிட வேண்டும். எந்தக் கேஸ் என்பது எங்கே எழுதியிருக்கும் தெரியுமா? முதுகில்.

இப்போது இருப்பதும் ஒற்றைக் கதவுதான், 190 லிட்டர். இரண்டு பேருக்கு அது போதும். கொசுப்புழு சம்பவத்துக்கு மறுநாள் அதைப் படிக்கத் தொடங்கினேன். முதலில், ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்தேன். காற்றின் வெப்பம் கதவைத் திறந்தால் மாறிவிடும். தண்ணீர்தான் உண்மை சொல்லும். காலையில் 9 டிகிரி. உள்ளே 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பதுதான் நல்லது. ஐந்திலிருந்து அறுபது வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நாங்கள் இத்தனை நாள் பாலையும் குழம்பையும் வைத்திருந்தது மார்கழிக் காலையை விடக் கொஞ்சம் குளிர்ந்த அலமாரியில். ஃபிரீசரில் பனி கட்டியாக மண்டியிருந்தது. பனி குளிர்தானே, இருந்தால் என்ன என்று கேட்கலாம். பனி ஒரு கம்பளி. ஃபிரீசர் சுவருக்கும் சாமானுக்கும் நடுவில் நின்றுகொண்டு சூட்டைப் போகவிடாது. அரை விரற்கடை சேர்ந்ததுமே பொத்தானை அழுத்திவிட வேண்டும். பனியைக் கரைத்து, தூசியைத் துடைத்து, அலமாரியைத் தள்ளி வைத்து இடம்விட்டேன். இரண்டு நாள் கழித்து டம்ளர் 5 காட்டியது. திருகை ஓர் எண் கூட்டினேன். 4.

அந்தத் திருகைப் பற்றி ஒரு வார்த்தை. எண் கூடினால் குளிர் கூடும். இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, கோடையில் "1"க்குத் திருப்பிவிட்டு, ஃபிரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று சொன்ன ஒரு வங்கி மேலாளரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

4 டிகிரி என்றால் எல்லா மூலையிலும் 4 இல்லை. கதவுத் தட்டு எப்போதும் கொஞ்சம் சூடு. திறக்கும் போதெல்லாம் வெளிக்காற்று முதலில் அறைவது அதன்மேல்தான். பால் பாக்கெட்டை அங்கே செருகுவது எல்லா வீட்டிலும் வழக்கம், தப்பான வழக்கம். ஃபிரீசருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி, உறைநிலைக்கே போகும். இதை நான் என் உடம்பில் கற்றேன். எனக்கும் இப்போது இன்சுலின் உண்டு. புதிதாக வாங்கிய மருந்துப் பெட்டியை, நன்றாகக் குளிரட்டும் என்று ஃபிரீசருக்கு அடியில் இருக்கும் தட்டில் வைத்தேன். இரண்டு வாரம் சர்க்கரை இறங்கவேயில்லை. மருத்துவர் மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால், "எங்கே வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். இன்சுலின் இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் வேலை போய்விடும். கரைந்த பிறகு பார்த்தால் பல சமயம் வித்தியாசமே தெரியாது. முழுப் பெட்டியையும் தூக்கிப் போட்டேன். இப்போது நடுத்தட்டில், முன்பக்கம், ஒரு டப்பாவுக்குள். வாத்தியாரின் மண்பானை அந்த விஷயத்தில் என்னை விடச் சாமர்த்தியம். அது எதையும் உறையவைக்காது.

தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகிய நான்கும் எங்கள் வீட்டில் இப்போது வெளியே. தக்காளி குளிரில் மணத்தை இழக்கிறது, வாழைப்பழத் தோல் கறுக்கிறது. உருளைக்கிழங்கின் மாவுச்சத்து குளிரில் சர்க்கரையாக மாறுவதால் வறுத்தால் கருகிப் போகிறது. வெங்காயத்தின் வாடை பாலுக்குப் போய்விடுகிறது. இவற்றை எடுத்துவிட்டால் காய்ப்பெட்டியில் கறிவேப்பிலைக்கும் கொத்தமல்லிக்கும் இடம் தாராளம்.

மாவுக்கு மட்டும் தனிக் கதை வேண்டும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் சாவதில்லை, சோம்பேறியாகின்றன. அவ்வளவுதான். பொங்கி வந்த மாவைச் சூடாக, வாய்வரை நிரப்பி உள்ளே வைத்தால், நடுப்பாத்திரம் குளிர்ந்து அவை சோம்பல் படுவதற்கே பல மணி நேரம் ஆகும். அதுவரை வேலை பார்ப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவைத் திறந்தபோது மேல்தட்டு மாவு, நடுத்தட்டு வெண்டைக்காய்க் குழம்பைத் தாண்டி, காய்ப்பெட்டியின் கண்ணாடி மேல் வந்து உட்கார்ந்திருந்தது. முக்கால் பாத்திரம்தான் இனி என்று அன்றே சட்டம் போட்டாயிற்று.

சமைத்ததைச் சூடாக உள்ளே வைக்கலாமா என்பது அடுக்களைகளில் தீராத வழக்கு. அம்மா கட்சி: ஆறவைத்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் ஆறட்டும் என்று மதியம் வைத்த சாம்பாரை மாலை ஆறு மணிக்கு உள்ளே வைப்பது ஆறவைப்பதாகாது. நம் ஊர் வெயிலில் அது கிருமிக்குக் கொடுத்த ஐந்து மணி நேரம். அகலப் பாத்திரத்தில் ஊற்றி, ஆவி அடங்கியதும், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். சோற்றுக்கு இது இன்னும் முக்கியம். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் பிழைத்திருந்து, சோறு வெளியே கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பாட்டிமார்கள் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தார்கள். குழம்பை மறுநாளும் கொதிக்கவிட்டுச் சுண்டக்குழம்பாக்கினார்கள். எதுவானாலும் மீந்ததைக் கவனித்தார்கள். நாம் கிண்ணத்தில் ஊற்றி மூடி உள்ளே தள்ளுகிறோம். நான்காம் நாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று திரும்ப வைக்கிறோம். என் மனைவி இப்போது கிண்ணத்தின் மேல் தேதி எழுதி ஒட்டுகிறாள். ஆசிரியை, விடைத்தாளைப் போலவே சிவப்பு மையில்.

மின்வெட்டு இப்போது குறைந்துவிட்டது. 2012இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல்கூட மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்போது அம்மா ஃபிரீசரில் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினாள். மின்சாரம் இருக்கும்போது உறைந்து, இல்லாதபோது குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டன. கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு நாணயம் போதும். ஒரு கிண்ணம் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது.

மின்சாரம் போவதை விட, போன வேகத்தில் திரும்பி வருவதுதான் கம்ப்ரசருக்கு ஆபத்து. ஓடி நின்ற கம்ப்ரசரின் ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்தும், மறுபக்கம் குறைந்தும் இருக்கும். நுண்குழாய் வழியாக இரண்டும் சமமாக மூன்று நான்கு நிமிடம் வேண்டும். அதற்குள் கிளம்பச் சொன்னால் கிளம்ப முடியாமல் மின்சாரத்தை மட்டும் குடித்துச் சூடாகி, பாதுகாப்பு ரிலே "டிக்" என்று துண்டித்துவிடும். கொஞ்சம் கழித்து மறுபடி "டிக்". அந்தச் சத்தம் கேட்டால் சுவிட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். அந்தப் பொறுமையைத்தான் ஸ்டெபிலைசர் விற்கிறவர்கள் "டைம் டிலே" என்று பெட்டி மேல் அச்சடிக்கிறார்கள். புதிய ஃபிரிட்ஜ்களுக்கு அது வேண்டாம் என்கிறார்கள். மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவின் டியூப்லைட் எப்படி எரிகிறது என்று பார்த்தவன் நான்; வைத்திருக்கிறேன்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் வந்துகொண்டிருக்கிறது. ரப்பர் மடிப்பில் கறுப்புப் பூசணம் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். பாதி நேரம் அழுக்குதான் ஒட்டவிடாமல் செய்கிறது.

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தட்டைக் கழற்றித் தேய்க்கிறேன். இரவு பொத்தானை அழுத்தி, காலையில் தட்டில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டுவதும் அதோடு சேர்ந்த வேலை. இரண்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தட்டு எலும்பு மாதிரி காய்ந்திருந்தது. எனக்கு ஒரே பெருமை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் காய்ப்பெட்டியை இழுத்துக் காட்டினாள். கேரட்டுகள் மிதந்தன. உள்ளே பின்சுவரின் அடியில் சுண்டுவிரல் நுழையாத ஒரு துளை இருக்கிறது. கரைந்த தண்ணீர் அதன் வழியாகத்தான் முதுகுத் தட்டுக்குப் போக வேண்டும். அழுகிய கொத்தமல்லி இலை ஒன்று அதை அடைத்திருந்தது. ஊசி கழற்றிய பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி மெல்லச் செலுத்தினேன். மூன்றாவது தடவை "களக்" என்று ஒரு சத்தம். பின்னால் தட்டில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. எட்டு ஆண்டாகக் கவனிக்காத தட்டில் தண்ணீர் விழுவதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.

தை முடியும் முன்பு அந்தப் பெண்மணி மறுபடி வந்தார். வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். நேராக அடுக்களைக்குப் போய், நான் விட்டிருந்த இடைவெளியில் டார்ச்சை நீட்டிப் பார்த்தார். தட்டில் தண்ணீர் இல்லை, ஓரம் வெளுத்துச் சுத்தமாக இருந்தது. பாராட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார், பேனாவை மூடினார்.

"மாடியில் ஏசியிலிருந்து தண்ணீர் வடிகிற குழாய்க்கு அடியில் வாளி ஏதாவது வைத்திருக்கிறீர்களா சார்?"

வைத்திருக்கிறோம்.